எல்லைக் கோடும் தாய்மொழியும்

நாட்டுப் படத்தில் எல்லைக் கோடு வரைதல் எளிது. ஓர் எழுதுகோலும் ஓர் அளவுகோலும் இருந்தால் போதும். ஆயின், அந்தக் கோடு தாளை விட்டு நிலத்தில் இறங்கும்போது வயலை வெட்டும், தெருவை வெட்டும், சில வேளைகளில் உறவையும் வெட்டும். ஒரு மொழி பேசும் மக்கள் அனைவரும் ஒரே நாட்டின் எல்லைக்குள் அடங்கி வாழ்கின்றனர் என்று எண்ணுவது உலகியல் அறியாதார் எண்ணமாகும். கோடு கடந்தும் மொழி வாழ்கிறது. மொழி வாழும் இடமெல்லாம் மக்களும் வாழ்கின்றனர்.

ஐரோப்பாவின் நடுப்பகுதியில் ஸெல்மென்ஸ் என்னும் சிற்றூர் உண்டு. அங்கு வாழ்பவர் ஹங்கேரிய மொழி பேசுவோர். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சோவியத் ஒன்றியத்திற்கும் செக்கோஸ்லோவாகியாவிற்கும் இடையே புதிய எல்லை வகுக்கப்பட்டபோது, அக்கோடு இவ்வூரை இரண்டாகப் பிளந்து சென்றது. பெரிய ஸெல்மென்ஸ் ஒரு நாட்டிலும், சிறிய ஸெல்மென்ஸ் மற்றொரு நாட்டிலும் சேர்ந்தன. கூப்பிடு தொலைவில் இருந்த உற்றாரைக் காண்பதற்கு நெடுந்தொலைவு சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. அதற்கும் அரசின் இசைவு எளிதிற் கிட்டவில்லை. 2005-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில்தான் ஊரின் நடுவே நடந்து செல்வோர்க்கு ஒரு வழி திறக்கப்பட்டது. அறுபது ஆண்டு என்பது ஒருவர் பிறந்து, வளர்ந்து, மணம் புரிந்து, பேரப் பிள்ளைகளையும் கண்டுவிடும் காலம். அத்தனைக் காலமும் ஒரு வேலி அவ்வூரை ஆண்டது.

இவ்வாறு எல்லைக் கோட்டின் மறுபுறம் தங்கிவிட்ட மக்களுக்கு உரிமைகள் யாவை? அவ்வுரிமைகளைக் காக்கும் கடமை யாருடையது? அவர்கள் வாழும் நாட்டினதா? அவர்தம் மொழிக்கு உரிய நாட்டினதா? இவ்வினாக்களுக்கு விடை காண, ஹங்கேரியரின் வரலாற்றைப் போலத் துணை செய்வன சிலவே. ஹங்கேரி நாட்டைச் சூழ்ந்துள்ள அயல்நாடுகள் ஏழு. அவை ஆஸ்திரியா, ஸ்லோவாகியா, உக்ரைன், ருமேனியா, செர்பியா, குரோவாசியா, ஸ்லோவீனியா என்பன. அந்த ஏழு நாடுகளிலும் ஹங்கேரியர் வாழ்கின்றனர். அவர்கள் அங்குக் குடியேறச் சென்றவர் அல்லர். தம் முன்னோர் உழுத நிலத்திலேயே இருப்பவர். அவர்கள் எல்லையைக் கடக்கவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது.

முதல் உலகப் போருக்கு முன்னர் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ஒரே முடியின்கீழ் இணைந்திருந்தன. போரில் அவ்விணைப்பு தோல்வியுற்றுச் சிதைந்தது. வெற்றி பெற்ற நாடுகள் 1920-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், பிரான்சு நாட்டு வெர்சேல்ஸில் உள்ள டிரயானன் மாளிகையில் ஹங்கேரியைக் கொண்டு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திடச் செய்தன. அதன்படி பழைய ஹங்கேரிய முடியரசு தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழந்தது. ஹங்கேரிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் முப்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒரே நாளில் அயல்நாட்டுக் குடிமக்கள் ஆயினர். இன்றும் ஹங்கேரியர் உள்ளத்தில் டிரயானன் என்னும் பெயர் ஆறாத புண்ணாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆயினும் வரலாற்றை ஒரு கண்ணால் மட்டும் நோக்குதல் முறை அன்று. பழைய ஹங்கேரிய முடியரசில் ஏறத்தாழப் பாதி மக்கள் ஹங்கேரியர் அல்லர்; ருமேனியர், ஸ்லோவாக்கியர், செர்பியர், குரோவாசியர், செருமானியர், ரூத்தேனியர் எனப் பலர். அவர்களுக்கு 1868-ஆம் ஆண்டுச் சட்டம் மொழியுரிமை சிலவற்றை வழங்கியது. ஆனால் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றது. 1874, 1875-ஆம் ஆண்டுகளில் ஸ்லோவாக்கியரின் உயர்நிலைப் பள்ளிகள் மூன்றும், அவர்தம் பண்பாட்டுக் கழகமாகிய மாத்திட்சா ஸ்லோவென்ஸ்காவும் மூடப்பட்டன. 1907-ஆம் ஆண்டு அப்போன்யி என்னும் கல்வி அமைச்சர் கொண்டுவந்த சட்டங்கள், பிற மொழிப் பள்ளிகளிலும் ஹங்கேரிய மொழியைக் கட்டாயமாகப் புகுத்தின. ஆளும் இனமாக இருந்தபோது ஹங்கேரியர் பிறர்க்கு அளிக்க மறுத்ததையே, ஆளப்படும் சிறுபான்மையராக ஆனபின் தமக்கு வேண்டிக் கேட்க நேர்ந்தது. காலச் சக்கரம் சுழன்றது. மேலிருந்த ஆரம் கீழ் வந்தது. ஆனால் மேலே வந்தவர்களும் அப்பாடத்தைக் கற்றுக் கொள்ளவில்லை. ருமேனியாவும் செக்கோஸ்லோவாகியாவும் யுகோஸ்லாவியாவும் தம் புதிய குடிமக்களை ஐயக் கண் கொண்டே நோக்கின.

எல்லை தாண்டிய சிறுபான்மையரின் சிக்கலைத் தீர்ப்பதற்கென்று இருபதாம் நூற்றாண்டில் மூன்று வழிகள் கையாளப்பட்டன. மூன்றும் தோற்றன. அவை ஏன் தோற்றன என்பதை அறிந்தாலன்றி நல்வழி எது என்பது புலப்படாது.

முதல் வழி, கோட்டை மாற்றி வரைதல். 1938-இலும் 1940-இலும் செருமனியும் இத்தாலியும் வியன்னா நகரில் வழங்கிய தீர்ப்புகளால் ஹங்கேரி இழந்த நிலத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. திரான்சில்வேனியாவின் வடபகுதி ருமேனியாவிடமிருந்து ஹங்கேரிக்கு மாறியது. விளைந்தது யாது? புதிய கோட்டின் தெற்கே பல இலட்சம் ஹங்கேரியர் தங்கினர். வடக்கே பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட ருமேனியர் ஹங்கேரியின் ஆட்சியில் அகப்பட்டனர். துன்பம் தீரவில்லை, துன்புறுவோர் மாறினர். போரில் செருமனி வீழ்ந்ததும் அத்தீர்ப்புகள் செல்லாவாயின. 1947-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை ஏறத்தாழப் பழைய எல்லையையே மீண்டும் நிலைநாட்டியது. திரான்சில்வேனியாவில் ஸெக்கெலியர் எனப்படும் ஹங்கேரியர் செறிந்து வாழும் மாவட்டங்கள் ருமேனியாவின் நடுவே, ஹங்கேரிய எல்லையிலிருந்து மிகத் தொலைவில் அமைந்துள்ளன. எத்துணைத் திறம் வாய்ந்தவர் வரையினும், அவர்களை மட்டும் பிரித்தெடுக்கும் கோடு ஒன்றை வரைதல் இயலாது.

இரண்டாம் வழி, கோட்டை விடுத்து மக்களை மாற்றுதல். 1946-இல் செக்கோஸ்லோவாகியாவும் ஹங்கேரியும் மக்கள் மாற்றத்திற்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதனால் பல்லாயிரம் ஹங்கேரியர் தம் வீட்டையும் நிலத்தையும் முன்னோர் கல்லறைகளையும் விட்டு ஹங்கேரிக்குச் சென்றனர். அங்கிருந்து பல்லாயிரம் ஸ்லோவாக்கியர் எதிர்வழியில் வந்தனர். அதே காலத்தில் ஹங்கேரியில் வாழ்ந்த செருமானியரும் பெருந்தொகையினராக வெளியேற்றப்பட்டனர். மரத்தை வேரொடு பெயர்த்து வேறிடத்தில் நட்டால், அது தழைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மனிதனோ மரத்தினும் ஆழமாக வேரூன்றியவன். அன்றியும், இத்தனைத் துயரம் விளைத்தும், ஸ்லோவாகியாவில் ஹங்கேரியர் இல்லை என்ற நிலை ஏற்பட்டதா? இல்லை. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் நான்கு இலட்சத்து இருபதினாயிரத்திற்கு மேற்பட்டோர் தம்மை ஹங்கேரியர் என்றே பதிவு செய்தனர்.

மூன்றாம் வழி, மக்களை இருக்க விட்டு, அவர் மொழியைத் தேய்த்தல். இவ்வழியில் வாளும் இல்லை, வண்டியும் இல்லை, பள்ளிக்கூடமே கருவியாகிறது. ருமேனியாவில் 1952-இல் ஹங்கேரியர்க்கெனத் தன்னாட்சி வட்டாரம் ஒன்று அமைக்கப்பட்டது. 1968-இல் அது நீக்கப்பட்டது. கொலோஷ்வார் நகரில் ஹங்கேரிய மொழியில் கல்வி புகட்டிய போய்யாய் பல்கலைக்கழகம் 1959-இல் ருமேனியப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. பின்னர்ச் சௌஷெஸ்குவின் ஆட்சியில் நெருக்கடி மேலும் பெருகிற்று. எனினும் மொழி அழியவில்லை. 1989-ஆம் ஆண்டு டிசம்பரில் தெமெஷ்வார் நகரில் லாஸ்லோ தொக்கேஷ் என்னும் ஹங்கேரியச் சமயகுருவை வெளியேற்ற அரசு முனைந்தது. அவரைக் காக்க முதலில் அவர்தம் சபையினரான ஹங்கேரியர் கூடினர். பின்னர் ருமேனியரும் திரண்டு வந்து தோளோடு தோள் நின்றனர். அங்கு மூண்ட கிளர்ச்சியே சில நாட்களில் சௌஷெஸ்குவின் ஆட்சியைக் கவிழ்த்தது. சிறுபான்மையரை ஒடுக்கும் அரசு பெரும்பான்மையரை மட்டும் உரிமையோடு வாழ விடும் என்று எண்ணுதல் பேதைமை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

இம்மூன்று வழிகளும் மூடப்பட்டபின் எஞ்சி நிற்பது ஒரே வழி. எல்லையை இருந்தவாறே ஏற்றுக்கொண்டு, எல்லைக்குள் வாழும் எல்லா மொழியினர்க்கும் உரிமை வழங்குவதே அது. இது கனவு அன்று. நடைமுறையில் கண்ட உண்மை. ஸ்லோவீனியாவின் கிழக்கு ஓரத்தில் பிரெக்முர்யே என்னும் பகுதியில் சில ஆயிரம் ஹங்கேரியர் வாழ்கின்றனர். அவர்கள் வாழும் இடங்களில் 1959 முதல் இருமொழிப் பள்ளிகள் நடைபெறுகின்றன. அங்கு ஹங்கேரியச் சிறுவர் ஸ்லோவீனிய மொழி கற்கின்றனர். ஸ்லோவீனியச் சிறுவர் ஹங்கேரிய மொழி கற்கின்றனர். அந்நாட்டின் அரசியலமைப்பு அச்சிறு கூட்டத்திற்கும் பாராளுமன்றத்தில் ஓர் இடம் ஒதுக்கியுள்ளது. செர்பியாவின் வொய்வொதினாவிலோ ஹங்கேரிய மொழி உள்ளிட்ட ஆறு மொழிகள் ஆட்சி வழக்கில் உள்ளன. இதனால் இந்நாடுகள் உடைந்தனவா? உடையவில்லை.

எதிர்வாதம் புரிவோர் கூறுவதையும் ஆராய்தல் வேண்டும். “ஒரு நாட்டிற்குப் பொது மொழி வேண்டும். சிறுபான்மையர் அதனைக் கல்லாவிடில் அவர்கள் தனித்து ஒதுங்குவர், தொழில் பெறார், காலப்போக்கில் பிரிவினை கோருவர்” என்பது அவர் கூற்று. இதன் முற்பகுதி உண்மையே. வாழும் நாட்டின் மொழியைக் கல்லாத இளைஞன் தன் ஊர் எல்லைக்குள்ளேயே சிறைப்பட்டவன் ஆவான். ஆனால் நாட்டு மொழியைக் கற்பித்தல் என்பது வேறு. தாய்மொழியைப் பறித்தல் என்பது வேறு. வீட்டில் ஹங்கேரிய மொழியே பேசும் குழந்தைக்கு நாட்டு மொழியை அதன் தாய்மொழி போலக் கருதிக் கற்பித்தல் பயன் தராது. இரண்டாம் மொழி எனக் கொண்டு, அதற்கேற்ற நூலும் ஆசிரியரும் அமைத்துக் கற்பித்தலே பயன் தரும். 2017-இல் உக்ரைன் நிறைவேற்றிய கல்விச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு மேல் சிறுபான்மையரின் மொழிவழிக் கல்வியைக் குறைத்தபோது, பெரும் பூசல் மூண்டது. நாட்டு மொழியை வளர்க்கும் நோக்கம் தகுந்தது என்றும், சிறுபான்மையர் மொழிகளுக்குச் செய்த ஏற்பாடு போதாது என்றும் ஐரோப்பிய அவையின் வெனிஸ் ஆணையம் கருதியது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் உக்ரைன் சட்டத்தைத் திருத்தி, ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிகளைப் பேசும் சிறுபான்மையர்க்கு உரிமைகள் சிலவற்றை மீட்டளித்தது.

பிரிவினை பற்றிய அச்சமோ, உரிமையால் வளர்வதன்று. உரிமை மறுப்பால் வளர்வது. ருமேனியாவில் 1990-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மரோஷ்வாஷார்ஹெய் நகரில் இரு இனத்தாரும் மோதிக்கொண்டனர், குருதி சிந்தியது. அந்நாடு யுகோஸ்லாவியாவைப் போல் எரியும் என்று பலர் அஞ்சினர். ஆனால் 1996-இல் இரு நாடுகளும் எல்லையை மதிப்பதாகவும் சிறுபான்மையரைக் காப்பதாகவும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதே ஆண்டில் ருமேனிய ஹங்கேரியரின் கட்சி புகரெஸ்டு அரசாங்கத்தில் பங்கு பெற்றது; அதன் பின்னரும் பன்முறை பங்கேற்றது. தெருவில் கல்லெறிந்து தீர்க்க முனைந்த வழக்கு மன்றத்தில் சொல்லாடித் தீர்க்கும் வழக்காக மாறியது. குறைகள் முற்றும் நீங்கிவிடவில்லை; ஆயினும் நெருப்பு அணைந்தது.

தாய்நாட்டின் கடமை பற்றியும் சிந்தித்தல் வேண்டும். எல்லைக்கு அப்பால் உள்ள தன் மொழியினர்க்கு நூல் அனுப்புதல், பள்ளிக்கு உதவுதல், மாணவர்க்கு உதவித்தொகை அளித்தல் முதலியன நன்று. ஆனால் அன்பும் அளவு கடந்தால் அண்டை வீட்டார்க்கு ஐயம் பிறக்கும். 2010-இல் ஹங்கேரி அயல்நாட்டு ஹங்கேரியர்க்கு எளிதில் குடியுரிமை வழங்கச் சட்டம் செய்தது. 2017-க்குள் பத்து இலட்சம் பேர் அவ்வழியில் குடியுரிமை பெற்றனர். ஸ்லோவாகியாவோ, வேற்று நாட்டுக் குடியுரிமை பெறுவோர் தன் குடியுரிமையை இழப்பர் என்று உடனே எதிர்ச்சட்டம் செய்தது. இரு தலைநகரங்களும் ஒன்றையொன்று நோக்கிச் சினந்தபோது, இடையில் நின்று இடருற்றவர் யார்? அச்சிறுபான்மையரே. அவர்களைத் தேர்தல் களத்தில் பகடைக் காய்களாக்கும் அரசியல், எந்நாட்டில் நிகழினும், அவர்களுக்கு நன்மை செய்வதன்று. சிறுபான்மையரைக் காக்கும் முதற்கடமை அவர்கள் வாழும் நாட்டிற்கே உரியது என்றும், உறவுடைய நாடு நல்லண்டை நெறி வழுவாது உதவ வேண்டும் என்றும் 2008-இல் வெளியான பொல்சானோப் பரிந்துரைகள் கூறுவது இதனாற்றான்.

அன்றியும், வெளியில் வேண்டும் அறத்தை வீட்டிலும் செய்தல் வேண்டும். ஹங்கேரி 1993-இல் தன் நாட்டுச் சிறுபான்மையர் பதின்மூவினத்தார்க்குத் தம் பண்பாட்டுக் காரியங்களைத் தாமே நடத்தும் அவைகளை அமைக்கச் சட்டம் இயற்றியது. அது பாராட்டத் தக்கதே. ஆனால் அந்நாட்டு ஸ்லோவாக்கியருள் பலர் தம் மொழியை முன்னரே இழந்துவிட்டனர். அந்நாட்டுச் சிறுபான்மையருள் மிகுதியானவராகிய ரோமா மக்கள் வறுமையாலும் புறக்கணிப்பாலும் இன்னும் வாடுகின்றனர். தன் மொழியினர்க்கு ஓர் அளவுகோலும் பிறர்க்கு மற்றோர் அளவுகோலும் கொள்வோரின் முறையீட்டை உலகம் செவிமடுக்காது.

இந்நடுநிலையைத் தம் வாழ்வில் காட்டியவர் பேலா பார்டோக் என்னும் இசைப் பேரறிஞர். அவர் ஹங்கேரியர், 1881-இல் அவர் பிறந்த ஊர் இன்று ருமேனியாவில் உள்ளது. அவர் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து சிற்றூர் தோறும் சென்று உழவர் பாடல்களைத் திரட்டினார். ஹங்கேரியப் பாடல்களோடு அவர் நிற்கவில்லை. ருமேனியர், ஸ்லோவாக்கியர் பாடல்களையும் ஆயிரக்கணக்கில் தொகுத்தார். 1920-இல், டிரயானன் துயரம் கொதித்த காலத்தில், ருமேனிய இசையை ஆராய்ந்தார் என்பதற்காகவே சொந்த நாட்டார் சிலர் அவரை நாட்டுப்பற்று அற்றவர் என்று பழித்தனர். பின்னர் ருமேனியருள்ளும் சிலர் அவர் ஆய்வில் குற்றம் கண்டனர். ஆயினும் அவர் தம் பணியைக் கைவிடவில்லை. மெட்டுகள் எல்லைக் காவலரைக் கேட்டுப் பயணம் செய்வதில்லை என்பதை அவர் தொகுத்த பாடல்களே காட்டின.

இன்று இச்சிக்கல் புதிய வடிவம் கொண்டுள்ளது. ருமேனியாவில் 2011-இல் பன்னிரண்டு இலட்சத்திற்கு மேல் இருந்த ஹங்கேரியர் 2021-இல் ஏறத்தாழப் பத்து இலட்சமாகக் குறைந்தனர். செர்பியாவில் அதே 2011-இல் இரண்டரை இலட்சமாக இருந்தவர் 2022-இல் ஒரு இலட்சத்து எண்பத்து நான்காயிரம் ஆயினர். ஒடுக்குமுறை ஒன்றே இதற்குக் காரணம் என்பது பொருந்தாது. பிறப்பு குறைந்தது, இளைஞர் பிழைப்பு நாடி மேலை நாடுகளுக்குச் சென்றனர், கலப்பு மணம் புரிந்த குடும்பங்களில் பிள்ளைகள் பெரும்பான்மை மொழிக்கு மாறினர். சட்டத்தில் உரிமை இருந்தும் வகுப்பில் மாணவர் இல்லையேல் பள்ளி மூடப்படும். ஆதலின், மொழியுரிமையோடு உள்ளூரில் தொழிலும் நல்ல கல்வியும் அமைந்தாலன்றிச் சிறுபான்மையர் நிலைத்தல் அரிது.

உரிமைச் சட்டங்களுக்கும் மேலாக வேண்டப்படுவது ஒன்று உண்டு. அதுவே பழிக்குப் பழி என்னும் எண்ணத்தைக் கைவிடும் துணிவு. 1942-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹங்கேரியப் படையினர் நொவிசாத் நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் செர்பியர், யூதர் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றனர். 1944, 1945-ஆம் ஆண்டுகளில் யுகோஸ்லாவியப் படையினர் குற்றமற்ற ஹங்கேரியர் பலரைக் கொன்று பழி தீர்த்தனர். நெடுங்காலம் ஒவ்வொரு தரப்பும் தன் பிணங்களை மட்டுமே எண்ணியது. 2013-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் செர்பியப் பாராளுமன்றம் ஹங்கேரியர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டித்தது. அதே திங்களில் இரு நாட்டுக் குடியரசுத் தலைவர்களும் சுரோக் என்னும் ஊரில் ஒருங்கே நின்று, இரு தரப்பிலும் மாண்டோர்க்குத் தலை வணங்கினர். இறந்தவர் மீண்டு வரவில்லை; ஆயினும் இருப்பவர் இடையே பேச்சு மீண்டது.

எல்லைகள் அரசுகளுக்குத் தேவை, அவை இருக்கட்டும். ஆனால் எல்லைக்குள் பிறந்த ஒரு குழந்தை, தாய் பேசும் மொழியில் முதற்பாடம் கற்கவும், நாட்டு மொழியில் பிறரோடு சமமாக நின்று வாழவும் இயலும் ஆயின், அந்த எல்லையால் யார்க்கும் தீங்கு இல்லை. அவ்விரண்டில் ஒன்றை மறுக்கும் அரசு, தன் குடிமக்களுள் ஒரு பகுதியினரைத் தானே அயலார் ஆக்குகிறது. ஒரு நாட்டின் வலிமை, அதன் பெரும்பான்மையர் எழுப்பும் முழக்கத்தால் அறியப்படுவதன்று. அதன் கடைக்கோடியில் வாழும் சிறுபான்மைக் குடும்பம் அச்சமின்றித் தன் மொழியில் பேசிக்கொள்வதால் அறியப்படுவதாகும்.